கூடத்துக்கு வந்த அலுவலகம்

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தின் மார்கழி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாதந்தோறும் இங்கே நூல்களைப் பற்றிப் பேசுகிறோம். இப்போது வைகுண்ட ஏகாதசி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அடுத்து பொங்கல் என்று பண்டிகைகள் வரிசையாக நிற்கின்றன. அதனால் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களின் பண்டிகையைப் பற்றிப் பேசுங்கள் என்றார் செயலாளர். உடனே ஒத்துக்கொண்டேன். நம் தெருக்களிலேயே எத்தனை வீட்டு மாடியில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், கதவில் 'மீட்டிங் நடக்கிறது' என்று ஒட்டிய தாள் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அறைக்குள் இருக்கும் மகனோ மருமகளோ பண்டிகை நேரத்தில் இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியவர். கூடத்தில் சொந்தபந்தம், திரையில் சக ஊழியர்கள். நானும் அப்படி ஒரு அறையிலிருந்துதான் வருகிறேன்.

இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே சிரிப்பில் சேர்த்து உட்கார வைக்க முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கு நிபந்தனை ஒன்றுதான். அலுவலகம் நம் வீட்டுப் பண்டிகைக்கு விருந்தாளியாக வர வேண்டும். நம் வீட்டுப் பண்டிகை அலுவலகத்தின் இன்னொரு நிகழ்ச்சியாகிவிடக் கூடாது. இன்று நான் பேசப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. அதற்கு முன்னால் ஐ.டி. அலுவலகங்களில் பண்டிகைக்கென்று ஒரு முறை இருந்தது. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலைப் பொட்டலம் கொடுப்பார்கள். பொங்கலுக்கு வேட்டி, புடவையில் வரச் சொல்லி 'எத்னிக் டே' நடத்துவார்கள். டிசம்பரில் 'கிறிஸ் மா, கிறிஸ் சைல்ட்' என்று சீட்டுக் குலுக்கி, யாருக்கு யார் பரிசு வாங்குகிறார் என்பதைக் கடைசி நாள் வரை ரகசியமாக வைத்திருப்பார்கள். ஒரே நாளில் அத்தனையும் திரைக்குள் போய்விட்டது.

உலகம் முழுக்க அந்த ஆண்டு இதே கதைதான். ஜூம் செயலியில் காசு கட்டாதவர்களுக்குக் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துபோகும். 2020 நவம்பர் 26, அமெரிக்கர்கள் குடும்பத்தோடு கூடி உண்ணும் நன்றி நாள். அன்றைக்கு மட்டும் அந்தக் கம்பெனி அந்த வரம்பை எடுத்துவிட்டது. பிறகு அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் அப்படியே செய்தது. பந்தி நடுவில் இலையை எடுக்கக் கூடாது என்பது ஊருக்கு ஊர் உள்ள மரியாதைதானே.

ஊரடங்கு போய்விட்டது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பது முழுக்கப் போகவில்லை. வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்று பலருக்கு நிலைத்துவிட்டது. சிலருக்கு முழுக்கவே வீடுதான். என் டீமில் சென்னை, கொச்சி, ஹைதராபாத், புனே என்று நாலு ஊர்க்காரர்கள். ஒருவர் லண்டனில். எல்லோரும் நேரில் கூடுவது அபூர்வம். ஆகவே பண்டிகைக்குத் திரையில் கூடினால்தான் உண்டு.

கூடினால் என்ன நடக்கிறது? பெரும்பாலும் அலுப்புதான் நடக்கிறது. மாலை நாலு மணிக்கு 'ஃபன் ஹவர்' என்று காலண்டரில் ஒரு கட்டம் விழும். இருபது முகம் இருபது கட்டத்தில். ஒருவர் பேசுவார், பத்தொன்பது பேர் சிரித்த முகமாக இருக்க முயல்வார்கள். முடிந்ததும் இன்னொரு மீட்டிங்கை முடித்த களைப்பு. இதற்கான காரணத்தை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பைலன்சன் 2021-இல் ஒரு கட்டுரையில் எடுத்துச் சொன்னார். அவர் சொன்ன காரணங்கள் நாலு. எல்லோருடைய கண்ணும் மிக அருகிலிருந்து நம்மையே பார்ப்பது போன்ற நெருக்கம். நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது. கேமராவுக்குள் அடங்க வேண்டி அசையாமல் உட்கார்ந்திருப்பது. நேரில் தானாகப் புரிகிற தலையசைப்பு, சைகையெல்லாம் திரையில் யோசித்துச் செய்ய வேண்டியதாகிவிடுவது.

பண்டிகை என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். இந்த நாலுக்கும் நேர் எதிர். பண்டிகையன்று யாரும் யார் முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை. ஒருவர் தேங்காய் துருவுவார், ஒருவர் மாவிலைத் தோரணம் கட்டுவார், ஒருவர் குறுக்கே நடப்பார். கண் வேலையில் இருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும். பேச்சு அதனால்தான் தானாக வருகிறது.

சொந்தக்காரரோடு பேசாமல் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அந்த மௌனத்தில் குறையொன்றும் இல்லை. சக ஊழியரோடு அப்படி இருக்க முடியாது. நடுவில் கைக்கு ஒரு வேலை வேண்டும். அந்த வேலையை வீட்டுப் பண்டிகையிலிருந்தே எடுத்துக் கொடுங்கள் என்பதுதான் என் யோசனை. கேமராவை முகத்திலிருந்து கைக்குத் திருப்புங்கள்.

போன மார்கழியில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, கோலம் கைவந்த கலை. டீமில் எல்லோரையும் ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னேன். கூடத்தில் இரண்டு முக்காலியை வைத்து, குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, பலகை விளிம்பில் போனைக் குப்புற வைத்தேன். திரையில் அத்தையின் கையும் தரையும் மட்டும்தான் தெரிந்தன. அத்தை முதலில் தயங்கினார்கள். "எனக்கு இங்கிலீஷ் வராதேம்மா, அவங்கள்ட்ட நான் என்னத்தப் பேச?" என்றார்கள். "நீங்க பேசவே வேண்டாம் அத்தை, போட்டுக்கிட்டே இருங்க, அவங்க பாத்துக்குவாங்க" என்றேன்.

ஊடு புள்ளி, ஐந்தில் தொடங்கி மூன்றில் நிறுத்தம். கோலம் போடுகிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நடு வரிசையில் ஐந்து புள்ளி. அதற்கு மேலும் கீழும், இடைவெளிக்கு நேராக, நாலு நாலு. பிறகு மூன்று மூன்று. மொத்தம் 19. நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதற்கும் வெளியே பன்னிரண்டு. நடுப் புள்ளியிலிருந்து ஆறு மூலைக்கும் இதழ் இழுத்தால் பூ வந்துவிடும். சொல்ல எளிது. கொச்சிக்காரருக்குப் புள்ளி நேர் வரிசையில் போய்விட்டது, ஆறு இதழுக்குப் பதில் நாலுதான் வந்தது. அத்தை குனிந்து போனுக்குள் எட்டிப் பார்த்து, "இடைவெளிக்கு நேரா வைங்க தம்பி, புள்ளிக்கு நேரா வைக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, தன் வரிசையை விரலால் தொட்டுக் காட்டினார்கள். அவர் திரும்பப் போட்டார். புனேயில் ஒருவருடைய அம்மா பின்னாலிருந்து வந்து மகள் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டு, தங்கள் ஊர் ரங்கோலி ஒன்றை மறுபக்கத்தில் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்த அம்மாவும் எங்கள் அத்தையும்தான். ஒருவர் மராத்தியில் சொல்ல, ஒருவர் தமிழில் கேட்க, கை மட்டும் பேசியது. நாங்கள் எல்லோரும் பார்வையாளர்களாகிவிட்டோம். அந்தக் கூட்டத்தை யாரும் பாதியில் விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு அந்த நிகழ்ச்சியை நடத்தியது நானில்லை, அத்தை. இது முக்கியம். வீட்டில் மூத்தவருக்கோ குழந்தைக்கோ தலைமையைக் கொடுத்துவிட்டால், மேலாளர், புதிதாகச் சேர்ந்தவர் என்ற வித்தியாசம் திரையில் அடங்கிவிடுகிறது. புள்ளி தவறாக வைத்தால் மேலாளரும் அழித்துத்தான் போட வேண்டும்.

விளையாட்டுகளுக்கு வருகிறேன். தம்போலா எல்லோருக்கும் தெரியும். சீட்டில் மூன்று வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து எண், ஆக 15 எண். 1 முதல் 90 வரை ஒவ்வொன்றாகக் கூவ வேண்டும். சீட்டுகளைப் படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதும், ஒரே சமயத்தில் எத்தனை வீடும் ஆடலாம். திரைக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு இல்லை என்பேன். ஒருவர் கூவுகிறார், மற்றவர் தலைகுனிந்து தேடுகிறார்கள், முகத்தைக் காட்ட வேண்டிய கட்டாயமே இல்லை. ஆனால் எண்ணைச் சும்மா கூவக் கூடாது. வீட்டுப் பெரியவரிடம் பையைக் கொடுத்து, எண்ணுக்கு ஒரு அடைமொழி வைத்துக் கூவச் சொல்லுங்கள். 'ஆழ்வார் பன்னிரண்டு', 'படி பதினெட்டு', 'நட்சத்திரம் இருபத்தேழு', 'திருப்பாவை முப்பது', 'வருஷம் அறுபது', 'நாயன்மார் அறுபத்து மூணு', 'கலை அறுபத்து நாலு'. இரண்டு சுற்று போனதும் மற்ற ஊர்க்காரர்களும் தங்கள் பக்கத்து அடைமொழியோடு வருவார்கள். எண்ணைக் கேட்டவுடன் அடைமொழியை முதலில் சொல்கிறவருக்கு ஒரு பரிசு என்று வையுங்கள். பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் கேள்விப்படாத எத்தனையோ எண்கள் அந்த ஒரு மாலையில் காதில் விழும்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடுவது நம் வழக்கம். இதையும் திரையில் ஆடலாம். படம் ஒரு வீட்டில் இருக்கட்டும், தாயக்கட்டை அவரவர் வீட்டில் உருளட்டும். விழுந்த எண்ணைச் சொன்னால் காயை நாம் நகர்த்துவோம். பழைய படங்களில் பாம்புகளுக்கு அரக்கர் பெயர் எழுதியிருக்கும். எந்தப் பாம்பு யார், ஏன் கடித்தது என்று தாத்தா சொல்லத் தொடங்கினால் ஆட்டம் நின்றுவிடும். நிற்கட்டும், அதற்காகத்தானே கூடினோம். பல்லாங்குழி இப்படி எடுபடாது. முத்தை அள்ளிப் போடும் சுகம் கைக்குத்தான் தெரியும். அதை வீட்டில் இருப்பவர்கள் மட்டும் ஆடுவதே நல்லது.

சேர்ந்து பாடுவது திரையில் அறவே ஆகாது. புத்தாண்டுக் கூட்டம் என்றால் எல்லோரும் கோரஸாகப் பாடலாம் என்று யாராவது ஒருவர் கிளம்புவார். நம் குரல் இன்னொரு ஊருக்குப் போய்ச் சேர நொடியின் ஒரு பின்னம் ஆகிறது. பேச்சுக்கு அது பெரிதாகத் தெரியாது. தாளத்துக்கு அதுவே பெரிய இடைவெளி. ஆளுக்கு ஆள் பின்தங்கி, ஒருவர் பல்லவியில் இருக்கும்போது இன்னொருவர் அதே வரியை அப்போதுதான் எடுப்பார். ஒருவர் பாட மற்றவர் மைக்கை அணைத்துக்கொண்டு தங்கள் வீட்டில் கூடப் பாடுவதுதான் வழி. அந்தாக்ஷரி சரியாக வரும், ஏனென்றால் அது முறை வைத்துப் பாடுவது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன், இது பலருக்குத் தெரிவதில்லை. பொங்கல் பொங்கும் நேரத்தில் வீட்டில் குலவை இடுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், தட்டைத் தட்டுகிறார்கள். அமெரிக்காவிலிருக்கும் மகனுக்கு அது கேட்பதே இல்லை. அம்மாவின் வாய் அசைவது மட்டும் தெரிகிறது. நெட்வொர்க் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கும். மனிதப் பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று எண்ணி வடிகட்டும்படிதான் இந்தச் செயலிகளை அமைத்திருக்கிறார்கள். மின்விசிறி, நாய்க் குரைப்பு, தெருவில் போகும் லாரி இவற்றோடு நம் குலவையும் சங்கும் மணியும் அந்த வடிகட்டியில் மாட்டிக்கொள்கின்றன. செட்டிங்ஸில் போய் இரைச்சல் வடிகட்டலைக் குறைத்து வையுங்கள். ஜூமில் இசைக் கலைஞர்களுக்காக 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு தேர்வே இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் குலவை குலவையாகவே போய்ச் சேரும். முன்வரிசைப் பிள்ளைகளே, பொங்கலுக்கு முன்னால் உங்கள் ஆச்சி போனில் இதைச் சரிசெய்து கொடுப்பது உங்கள் பொறுப்பு.

நம் பண்டிகைகளில் திரைக்கு மிக நன்றாகப் பொருந்துவது நவராத்திரி கொலுதான். பிறர் வந்து பார்ப்பதற்கென்றே வைக்கும் பண்டிகை அது. புதிதாக நாம் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். மேல்படியில் கலசம், அடுத்து தசாவதாரம், கீழே மளிகைக் கடையோடு செட்டியாரும் ஆச்சியும், மரப்பாச்சி ஜோடி, தரையில் பிள்ளைகள் மண் பரப்பிக் கட்டிய பூங்கா. போனை ஒரு பிள்ளை கையில் கொடுத்து, மேல்படியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வரச் சொல்லுங்கள். விளாச்சேரியில் வாங்கியது எது, காஞ்சிபுரத்திலிருந்து வந்தது எது, கல்யாணத்துக்குச் சீராக வந்தது எது என்று பெரியவர்கள் பின்னாலிருந்து சொல்லட்டும். வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வைப்பது வழக்கம். இந்த வருஷத்துப் பொம்மை எது என்று பார்ப்பவர்கள் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. எங்கள் வீட்டு மளிகைக் கடைச் செட்டியாரைப் பார்த்து ஹைதராபாத்காரர், "இவர் எந்தத் தெய்வம்?" என்று கேட்டார். கும்பிடுகிற தெய்வத்தோடு கடை நடத்துகிறவருக்கும் படியில் இடம் உண்டு என்று மாமா விளக்கினார். அதற்குப் பிறகு அவரவர் ஊர்ச் சந்தையைப் பற்றிப் பேச்சு எங்கெங்கோ போயிற்று.

இனி, கொஞ்சம் கோபத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கொண்டாட்டங்களில் பெண்களின் சுமையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தீபாவளிக்கு முந்தைய நாள் ஒரு வீட்டில் என்ன நடக்கும்? அதிரசத்துக்குப் பாகு கொதிக்கும், முறுக்கு எண்ணெயில் இருக்கும், வீடு கழுவி விட்டிருக்கும். அந்த நேரத்தில் பட்டுப்புடவை கட்டி, பின்னால் விளக்கேற்றி, காலை பத்து மணிக்குக் கேமராவில் வந்து உட்கார் என்று சொன்னால் அது கொண்டாட்டமா, கூடுதல் வேலையா? எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு ஒரு நிறுவனத்தில் இது நடந்தது. எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். 'முகத்தில் சிரிப்பையே காணோமே' என்று மேலே இருந்தவர் கேட்டார். அந்தப் பெண் அடுத்த ஆண்டு அந்த நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டார்.

தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டிலிருந்தே தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அதன் கீழ் வரும் தொழில் நிறுவனங்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலு நாளோடு ஐந்து பண்டிகை நாளும் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். அன்றைக்கு வேலைக்கு அழைத்தால் இரட்டைச் சம்பளம், இல்லையேல் அந்த நாள் சம்பளத்தோடு மாற்று விடுமுறை. விடுமுறை என்பது ஊழியருடைய நாள் என்று சட்டம் ஒத்துக்கொண்டு அறுபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அந்த நாளில் 'வேடிக்கைக்குத்தானே' என்று கூப்பிடுவதும் கூப்பிடுவதுதான். வேடிக்கை வேண்டுமென்றால் பண்டிகைக்கு மூன்று நாலு நாள் முன்னால், வேலை நேரத்துக்குள், முக்கால் மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வருவதும் வராததும் அவரவர் விருப்பம். வந்தாலும் கேமரா போடுவது அவரவர் விருப்பம். எல்லோருக்கும் பின்னால் காட்டுவதற்கு ஒரு கூடம் இருப்பதில்லை. விடுதியில் நாலு பேரோடு ஓர் அறையில் இருப்பவரும் நம் டீமில் இருக்கிறார். வீட்டுப் பிள்ளைகளின் படத்தைக் கேட்காமல் எங்கும் போடாதீர்கள்.

யார் வரவில்லை என்று பட்டியல் எடுக்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் பக்கத்தில் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. கோலம் இல்லை, பலகாரம் இல்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவரைப் பட்டுச் சட்டையோடு வரச் சொல்லி நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்புவது எவ்வளவு பெரிய வேதனை! டீமை நடத்துகிறவர் முன்னதாகவே தனியாக ஒரு போன் போட்டு, "இந்த வருஷம் வீட்டில் பண்டிகை உண்டா?" என்று கேட்டுவிட்டால் போதும். அதே போனில் மற்றதும் தெரிந்துவிடும். ஒருவர் வீட்டில் ரம்ஜான்தான் பெரிய பண்டிகை, ஒருவருக்கு ஓணம், ஒருவருக்கு எதுவுமே வேண்டாம். டிசம்பரில் ஒரே ஒரு கூட்டம் போட்டு எல்லோரையும் அதற்குள் அடைப்பதைவிட, வருஷம் முழுக்க யார் வீட்டில் எது வருகிறதோ அன்றைக்கு அந்த வீடு அழைக்கட்டும், மற்றவர்கள் விருந்தாளியாகப் போகட்டும்.

சொந்தக்காரர்களோடு திரையில் கூடுவது வேறு விஷயம். அங்கே நிகழ்ச்சி நிரலே கூடாது. போனை அடுக்களையில் சம்படத்தில் சாய்த்து வைத்துவிட்டு அரை நாள் அப்படியே விட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் மகள் துணி மடிப்பாள், இந்தப் பக்கம் அம்மா காய் நறுக்குவாள். நடுவில் பத்து நிமிடம் யாரும் பேசாமலும் இருப்பார்கள். பண்டிகை வீடு அப்படித்தானே இருக்கும்.

பொங்கலில் இதற்கு ஓர் அழகு உண்டு. பொங்கல் சூரியனோடு சேர்ந்து நடக்கிற பண்டிகை. நம் ஊர்க் கணக்கில் நள்ளிரவு தாண்டி அரை மணியளவில் சிட்னியில் பொழுது விடிகிறது. அதிகாலை நாலே முக்கால் மணி வாக்கில் சிங்கப்பூர். ஆறரை மணிக்கு மேல் நாமும் யாழ்ப்பாணமும். மதியம் ஒன்றரை மணி சுமாருக்கு லண்டனில் சூரியன் எழுகிறது. மாலை ஆறு மணியைத் தாண்டி, நாம் விளக்கேற்றும் நேரத்தில், டொராண்டோவில். அந்த ஊர்ப் பனியில் பால்கனிக்குப் போக முடியாமல் அடுப்படியில் பானை வைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பொங்க வேண்டும் என்று நேரம் பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஊரிலும் பானை பொங்கும்போது அவர்கள் நம்மைக் கூப்பிடட்டும். நள்ளிரவில் தொடங்கி அன்று மாலை விளக்கு வைக்கும் நேரம் வரை ஒரே பொங்கல். வீட்டில் தாத்தாவோ ஆச்சியோ தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பார்கள், சிட்னிக்காரரின் அழைப்பை அவர்கள் எடுப்பார்கள்.

2022-இல் காணும் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது, அன்றைக்குத் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. ஒருவரை ஒருவர் போய்க் காண வேண்டிய நாளில் வாசலைத் தாண்ட முடியவில்லை. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டையே மறுநாளைக்குத் தள்ளி வைத்தார்கள். எங்கள் தெருவில் அன்று முழுக்கப் போன் மணி ஓயவில்லை. அடுத்த தெருவிலிருந்த சித்தப்பாவையும் அமெரிக்காவிலிருந்த தம்பியையும் ஒரே திரையில்தான் பார்த்தோம். பார்த்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் சித்தப்பா கையால் திருநீறு பூசிக்கொள்ள முடியவில்லையே என்ற குறை அன்றைக்கு எல்லோருக்கும் இருந்தது.

தொடுவதையும் ருசியையும் திரையால் கொண்டுவர முடியாது. தொடுவதற்கு வழியில்லை, ருசிக்கு உண்டு. ஒரு வாரம் முன்னால் பார்சல் போடுங்கள். பால்கோவா அனுப்பாதீர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு இருந்தாலும் வழியில் கெட்டுவிடும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் தாங்கும், அதற்கும் 2020-இல் புவிசார் குறியீடு வந்தாயிற்று. முறுக்கு அனுப்புவதாக இருந்தால் தகர டப்பாவில், மேலும் கீழும் காகிதம் திணித்து அனுப்புங்கள். பார்சலைக் கூட்டம் தொடங்கும் வரை யாரும் பிரிக்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி. நாலு ஊரில் ஒரே சமயத்தில் கடலை மிட்டாய் கடிபடும் சத்தம் கேட்க நன்றாக இருக்கும். அதற்கும் அந்த இரைச்சல் வடிகட்டலைக் குறைத்து வையுங்கள். பதிலுக்கு அவர்கள் ஊர்ப் பலகாரம் வரும். எங்கள் வீட்டுக்குக் கொச்சியிலிருந்து நேந்திரங்காய் வறுவல் வந்தது. அத்தை அந்த டப்பாவைச் சும்மா திருப்பி அனுப்பக் கூடாது என்று அதில் சுசியம் போட்டு அனுப்பச் சொன்னார்கள். சுசியம் கெட்டுவிடும் என்று சொல்லிச் சீடை போட்டோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இங்கே மருமகளோ மகனோ வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெரியவர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த அறைக் கதவு சாத்தியிருந்தால் நமக்கு அங்கே வேலையில்லை என்று ஒதுங்கிப் போகிறீர்கள். இந்தப் பொங்கலுக்கு ஒரு மாலையாவது அவர்களிடம் நீங்களாகவே கேளுங்கள்: "உங்க ஆளுங்களுக்கு நான் கோலம் சொல்லித் தரட்டுமா?" கோலம் தெரியாதென்றால் தம்போலா எண்களைக் கூவுங்கள், அதுவும் இல்லையென்றால் பரமபதத்துப் பாம்பின் கதையைச் சொல்லுங்கள். டீமை நடத்துகிறவர்கள் இங்கே இருந்தால், பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் அந்த ஒரு மாலையை அவர்களுக்கு விட்டுக் கொடுங்கள். இடையில் புகுந்து நிகழ்ச்சியை நடத்த முயலாதீர்கள். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய், நீங்களும் புள்ளி வையுங்கள்.